ஒரு சபையும் அதன் ஊர்களும்

ஊர் என்பது தமிழிலே மிகப் பழைய சொற்களுள் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே அச்சொல் வீடுகள் சேர்ந்திருக்கும் இடத்தை மாத்திரம் குறிக்கவில்லை. அவ்விடத்தில் வாழ்வோர் கூடியிருந்து தம் கருமங்களைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்யும் அவையையும் குறித்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்ட சாசனங்கள், சபையொன்றுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. உறுப்பினராக விரும்புவோன் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாயிருத்தல் வேண்டும். தன் சொந்த மனையிலே கட்டிய வீட்டில் வசிப்பவனாயும் இருத்தல் வேண்டும் என்பன அங்கே விதிக்கப்பட்ட தகுதிகளுட் சில.

யாம் கல்லூரியிற் பயின்ற 1960களின் பிற்பகுதியில் எம் வரலாற்றாசிரியர் இச்சாசனங்களைப் பாடமாக உரைத்தார். வகுப்பிலிருந்த மாணாக்கருட் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்து மண்ணிற் பிறந்தவர். வேலியடைத்த வளவும், அதனுள்ளே கிணறும், முற்றமும், பனைவடலியும் உடையவர். சொந்த மனை என்பது அவர்க்குக் கேட்டவுடன் விளங்கும் பொருள். யாமோ ராகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். எம் தந்தையார் குடியிருந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒற்றைக் காம்பரா. அதன் கூரையும் தோட்டத்தினுடையது, சுவரும் தோட்டத்தினுடையது, வாயிலிற் செல்லும் பாதையும் தோட்டத்தினுடையது. வேலை நின்றால் காம்பராவும் கைவிட்டுப் போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விதியை மனத்தில் வைத்து எம் தந்தையாரை எண்ணியபோது, அக்காலத்திலும் சரி, இக்காலத்திலும் சரி, ஊர் அவையிற் புகுதற்குரிய தகுதி ஒன்றேனும் அவர்க்கில்லை என்பது எமக்குப் புலனாயிற்று. அன்று தோன்றிய அவ்வெண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

எம் ஊரைக் கண்டிராத அன்பர்கட்கு அதனைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேலே, ராகலை அமைந்துள்ளது. அங்கிருந்து பிரியும் மற்றொரு சாலை வலப்பனைக்கு இறங்கிக் கண்டியை நோக்கிச் செல்கின்றது. சாலைகள் கூடும் அச்சந்தியிலே கடைத்தெருவும், பஸ் நிலையமும், கோயில்களும், பாடசாலைகளும் உள்ளன. சுற்றிலும் ராகலைத் தோட்டம், சென் லெனாட்ஸ், லிடெஸ்டேல், ஹல்கரனோயா, புரூக்சைட் முதலான தேயிலைத் தோட்டங்கள். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து வரும் இருவகைப் பருவக் காற்றுகளும் தீண்டும் மலைகளாதலின், உடப்புசல்லாவைத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிப்பெயருண்டு.

இவ்வூருக்கு ஒரு காலத்திலே புகைவண்டியும் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை 1903ஆம் ஆண்டிலும், அங்கிருந்து கந்தப்பளையூடாக ராகலை வரை 1904ஆம் ஆண்டிலும் இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதையொன்று திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைக் கீழிறக்கவும், அரிசியையும் உரத்தையும் மேலேற்றவுமே அது அமைக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னர் அதன் வருவாய் குன்றிற்று. 1940இற் பிரயாணிகளை ஏற்றுவது நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது. எம் பாட்டனார் அவ்வண்டியின் ஊதலைக் கொண்டு நேரத்தை அறிந்ததாகச் சொல்வர். தேயிலைக்காக வந்த வண்டி தேயிலைக்கு வேண்டாதபோது போய்விட்டது. அவ்வண்டியை நிறுத்தலாமா என்று அதன் அருகே வாழ்ந்த மக்களை ஒருவரும் கேட்டதில்லை; கேட்பதற்குரிய அவையும் அவர்க்கு இருந்ததில்லை.

ராகலையும், உடப்புசல்லாவையின் பெரும்பாகமும், நில்தண்டாஹின்னையும், வலப்பனை நகரும், இவற்றிடையேயுள்ள கிராமங்களும் தோட்டங்களும் சேர்ந்தது வலப்பனைப் பிரதேசம். மேலே குளிர்ந்த தேயிலை மலை. கீழே படிப்படியாக இறங்கும் வயல்களும் சிங்களக் கிராமங்களும். மேலே உள்ளோர் தமிழராய்ப் பெருகியும், கீழே உள்ளோர் சிங்களவராய்ப் பெருகியும் வாழ்கின்றனர். துன்பத்தில் மாத்திரம் இரு சாராரும் உடன்பிறந்தார். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது வலப்பனைக் கிராமங்கள் பட்ட பாடு வரலாற்றிலே பதிந்துள்ளது. 1880களிலே நெல்வரி செலுத்த இயலாத உழவர்களின் வயல்கள் ஏலத்திலே விற்கப்பட, வலப்பனையிலே குடும்பங்கள் பட்டினியால் அழிந்தன. அவ்வரி 1892இலேதான் நீக்கப்பட்டது. அதே காலத்திலேதான் மேலே கோப்பி அழிந்து தேயிலை பரந்தது. எம் முன்னோர் தமிழகத்திலிருந்து நடந்து வந்து அம்மலைகளிற் குடியேறினர். நிலத்தை இழந்தவர் கீழே, நிலமே இல்லாதவர் மேலே என இவ்வாறு ஒரே பிரதேசத்தின் இரு படிகள் அமைந்தன.

இனி, இக்கட்டுரையின் மறுபாதிக்குக் காரணமான நண்பரைப் பற்றிக் கூறுவோம். கல்லூரி விடுதியிலே எமக்கு அடுத்த கட்டிலில் துயின்றவர் அவர். பருத்தித்துறைக் கடற்கரையிற் பிறந்தவர். சனிக்கிழமைகளில் இருவரும் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் செல்வது வழக்கம். க. மு. செல்லப்பா அவர்கள் 1933ஆம் ஆண்டிலே தம் இல்லத்திலே தொடங்கிய முயற்சி வளர்ந்து, நகராட்சியின் பொறுப்பிலே வந்து, 1959ஆம் ஆண்டிலே அவ்வெண்ணிறக் கட்டிடமாகத் திறக்கப்பட்டது என்பதை அன்பர்கள் அறிவர். வாயிற்பலகையிலே மாநகர சபையின் பெயரைக் கண்டு, "இச்சபை என்பது யார்?" என்று யாம் வினவினோம். "நாங்கள்தான்" என்று நண்பர் வெகு இயல்பாக விடை பகர்ந்தார். அவ்விடையின் எளிமை எம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு சபைக்குத் தாமே உரியவர் என்று கருதும் மனிதரை அதற்கு முன் யாம் கண்டதில்லை. 1981ஆம் ஆண்டு அந்நூலகம் எரியூட்டப்பட்ட செய்தி ராகலைக்கு எட்டியபோது, அவ்விடையே முதலில் எம் நினைவுக்கு வந்தது.

அதன் பின் வந்த கலவர ஆண்டுகளிலே நண்பர் நாடு நீங்கிச் சுவீடன் தேசத்தை அடைந்தார். பால்டிக் கடலின் ஓரத்திலே, கல்மார் மாகாணத்திலே, வெஸ்தர்விக் என்னும் துறைமுக நகரிலே இன்றுவரை வாழ்ந்து வருகின்றார். அங்குள்ள முதியோர் இல்லமொன்றிற் பணி செய்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்த பின்னும் எமக்கு எழுதும் கடிதங்களில் "மச்சான்" என்றே விளிப்பார். கடலை விட்டுக் கடலையே அடைந்தவராதலின் அவர் கடிதங்களிற் கடலும் தீவுகளும் நிறைந்திருக்கும். ஆயினும் யாம் அவரிடம் மீண்டும் மீண்டும் கேட்டு அறிந்தது ஒன்றே: அவ்வூரின் சபை எவ்வாறு நடக்கின்றது என்பதே அது.

வெஸ்தர்விக் என்பது அந்நாட்டிலே நகருக்கும் பெயர். அந்நகரையும் சூழ்ந்த ஊர்களையும் ஒருங்கே ஆளும் சபைப் பிரதேசத்துக்கும் பெயர். அத்தகைய பிரதேசத்தை அவர்கள் கொம்யூன் என்பர். நாடு முழுவதிலும் 290 கொம்யூன்கள் உள்ளன. வெஸ்தர்விக் கொம்யூனிலே கம்லபி, அங்கர்ஸ்ரும், ஓவெரும், லொப்டகம்மார் முதலான ஊர்கள் அடங்கும். கடலிலே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு தீவுகளும் அதற்குரியவை. கம்லபி என்றால் பழைய ஊர் என்று பொருள். முற்காலத்திலே நகரம் அங்கேதான் இருந்தது. 1433ஆம் ஆண்டிலே அது கடலுக்கு அண்மையிலுள்ள இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது. நகரத்தின் பெயர் புதிய இடத்துக்குச் செல்ல, எஞ்சிய இடம் பழைய ஊர் என்னும் பெயரோடு நின்றது. 1677இல் டேனியர் அப்புதிய நகரத்தைத் தீக்கிரையாக்கினர். மக்கள் மீண்டும் கட்டினர்.

எம் உள்ளத்தை ஈர்த்தவை துறைமுகமும் தீவுகளுமல்ல. அங்கர்ஸ்ரும், ஓவெரும் என்னும் உள்நாட்டு ஊர்கள் இரண்டுமே. இவை 17ஆம் நூற்றாண்டிலே இரும்பு உருக்கும் ஆலைகளாகத் தோன்றியவை. அத்தகைய ஆலைக் குடியிருப்பைச் சுவீடன் மக்கள் புரூக் என்பர். ஆலைக்காரர் காட்டையும் நீரையும் நிலத்தையும் உடையவர். தொழிலாளர் வீடுகளும் அவருடையவை. பள்ளியையும் மருத்துவத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். தொழிலாளி பிறந்ததும், மணந்ததும், மூத்ததும் ஆலையின் நிழலிலே. இவ்வரிகளை நண்பரின் கடிதத்திலே படித்தபோது யாம் ஒரு கணம் மலைத்தோம். தேயிலைக்குப் பதிலாக இரும்பு. துரைக்குப் பதிலாக ஆலைக்காரர். மற்றெல்லாம் எம் தோட்டமே.

ஒற்றுமை அத்தோடு முடியவில்லை. 1862ஆம் ஆண்டிலே சுவீடன் அரசாங்கம் உள்ளூராட்சிச் சபைகளை நாடெங்கும் நிறுவியது. ஆயின் அச்சபைகளிலே ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது இல்லை. வரி செலுத்தும் வருவாய்க்கும் சொத்துக்கும் ஏற்ப வாக்குகளின் தொகை கூடிற்று. கூட்டு வர்த்தக நிறுவனங்களுக்கும் வாக்கு இருந்தது. பெரிய ஆலைக்காரரோ பிரபுவோ இருந்த சில டசின் கிராமச் சபைகளில், அவ்வொருவரின் வாக்குகளே மற்றெல்லார் வாக்குகளிலும் மிகுந்திருந்தன. ஒருவரே சபை, ஏனையோர் கேட்டிருப்போர். வருவாய்க்கும் சொத்துக்கும் ஏற்ப வாக்களிக்கும் முறை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. தொழிலாளரும், சுதந்திரக் கட்சியினரும், பெண்களும் இடையறாது போராடிய பின்னரே, 1918ஆம் ஆண்டில் அப்படிமுறை வாக்கு ஒழிக்கப்பட்டது. பெண்களும் வாக்களித்த முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1921இல் நடைபெற்றது.

அதன் பின்னர் அவர்கள் செய்த மற்றொன்று எமக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகின்றது. நகரச் சபை, சந்தைப் பட்டினச் சபை, கிராமச் சபை என அந்நாட்டிலே மூவகைச் சபைகள் இருந்தன. 1952ஆம் ஆண்டு முதலாகச் சிறிய சபைகள் பல சேர்க்கப்பட்டன. 1971ஆம் ஆண்டிலே மூவகை வேறுபாடும் நீக்கப்பட்டு, எல்லாம் கொம்யூன் என்ற ஒரே வகையாயின. அன்று முதல் துறைமுக நகரத்தாரும், பழைய ஊராரும், ஆலை ஊராரும், தீவில் ஒற்றை வீட்டில் வசிப்போரும் ஒரே சபையின் சம உறுப்பினர். ஆரம்பப் பள்ளியும் உயர்தரப் பள்ளியும், குடிநீரும், கழிவுநீர் வாய்க்காலும், தீயணைப்பும், முதியோர் பராமரிப்பும், நூலகமும் அச்சபையின் கடமைகள். அதற்கெனக் கொம்யூனும் மாகாண மன்றமும் சேர்ந்து வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 வீதம் வரியாக அறவிடுகின்றன. வரிச்சுமையைப் பற்றி நண்பர் முறையிடுவதுண்டு. தூரத்துச் சிற்றூர்களில் வாழ்வோர், எல்லாம் நகரத்துக்கே போய்விட்டன என்று குறை கூறுவதையும் அவர் எழுதியிருக்கின்றார். குறையற்ற சபை எங்குமில்லை. ஆயினும், "இது எம் சபை" என்று குறை கூறுவதற்கும், குறை கூற வாயிலே இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

1976ஆம் ஆண்டு முதல் அந்நாட்டிலே பிறநாட்டுக் குடிமக்களும், மூன்று ஆண்டுகள் வதிந்தபின், உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். நண்பர் சுவீடன் குடியுரிமை பெறுவதற்கு முன்னரே கொம்யூன் தேர்தலில் வாக்களித்தார். அச்செய்தியைத் தாங்கி வந்த கடிதத்தை யாம் இன்றும் பேணி வைத்துள்ளோம். மொழியறியாத நாட்டிலே மூன்றாண்டு வாழ்ந்தவர் ஊர் அவைக்கு உரியவராயினார். ராகலையிலே மூன்று தலைமுறை வாழ்ந்த எம் குடும்பமோ, அக்கடிதம் வந்த வேளையிலும் நாடற்றவர் என்னும் பட்டியலிலேயே இருந்தது. நண்பரின் மகிழ்ச்சியில் யாம் முழுமனத்தோடு பங்குகொண்டோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எம் மக்கள் ஊர் அவையின் வெளியே நிறுத்தப்பட்ட வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையிலே கிராமச் சங்கங்கள் உருப்பெற்றன. தோட்டம் கிராமமன்று, அது துரையின் ஆட்சிக்குட்பட்ட தனி நிலம் என்று கொள்ளப்பட்டது. 1930களின் பிற்பகுதியிலே அச்சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வதியும் தொழிலாளர்க்குக் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்கில்லாமற் செய்யப்பட்டது; இந்திய அரசாங்கம் அதனை எதிர்த்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் எஞ்சியிருந்த வாக்கையும் பறித்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எம் வகுப்பிற் கற்ற மலையக மாணவர் இருவருள் ஒருவர் அவ்வொப்பந்தத்தின்படி கப்பலேறினார். 1988ஆம் ஆண்டின் சட்டமும், 2003ஆம் ஆண்டின் சட்டமும் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கின.

இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டிலே முதலாவது பிரதேச சபைத் தேர்தல் நடைபெற்றது. லயங்களிலிருந்து மக்கள் அணியணியாகச் சென்று வாக்களித்தனர், யாமும் வாக்களித்தோம். தோட்டத்து மக்களின் வாக்கினால் தோட்டத்துப் பிள்ளைகள் உறுப்பினராயினர். நூலக வாயிலிலே எம் நண்பர் கூறிய விடையை நாமும் கூறும் காலம் வந்துவிட்டதென யாம் நம்பினோம். ஆயின் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபையின் பணம் தோட்டக் குடியிருப்புகளிலே செலவிடப்படுவதற்குத் தடையாக நின்றது. வாக்கு உண்டு, உறுப்பினர் உண்டு, தலைவரும் ஆகலாம். ஆனால் வாக்களித்தவரின் வாயிற்பாதைக்கு ஒரு கூடை கல் போட இயலாது.

இத்தடை வெறும் சட்டச் சொல்லாக எமக்குத் தோன்றாமைக்குக் காரணமுண்டு. 1990களிலே யாம் ராகலையில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டிருந்தோம். பெருஞ்சாலையிலிருந்து ஒரு லயத்துக்குச் செல்லும் பாதை ஐப்பசி மழையிலே அரிபட்டுப் போயிற்று. கொழுந்து ஏற்றும் லொறிக்கு அப்பாதை வேண்டாததால் தோட்டம் அதனைக் கவனிக்கவில்லை. யாம் மனுவெழுதிக் கையொப்பம் பெற்றுப் புறப்பட்டோம். சபை உறுப்பினர் எம்மை அன்போடு வரவேற்று, சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டி, "ஐயா, என் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன" என்றார். தோட்ட அலுவலகத்திலே, குடியிருப்புப் பாதைக்கென நிதி ஒதுக்கப்படவில்லை என்றனர். அமைச்சொன்றின் அலுவலகத்திலே, மனுவைத் தோட்டத்தின் மூலம் அனுப்புமாறு பணித்தனர். மூன்று வாயில்களிலும் கோபித்துப் பேசியவர் ஒருவருமிலர். மூவரும் தத்தம் எல்லையைச் சரியாகவே காட்டினர். அம்மூன்று எல்லைகளுக்கும் இடையே கிடந்த வெளியிலேதான் அந்த லயம் இருந்தது.

மறு ஆண்டு, எம் மாணவியாயிருந்த ஒரு பெண்ணுக்கு அந்த லயத்திலே நள்ளிரவிற் பிரசவ வேதனை கண்டது. வண்டி மேலே ஏற வழியில்லை. நால்வர் அவளைக் கம்பளியிற் கிடத்திச் சுமந்து கீழிறங்கினர். தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அவள் எவரையும் நோகவில்லை. "பாதை நல்லாயிருந்திருந்தா..." என்று தொடங்கியவள் அவ்வசனத்தை முடிக்காமலே விட்டாள். அம்முடியாத வசனம் எம்மோடு இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. சட்டப் புத்தகத்தின் பிரிவொன்று எத்துணைப் பாரமுடையது என்பதை அறிய விரும்பும் மாணவர், அதனை அந்த மலைச்சரிவிலே நான்கு தோள்கள் மீது வைத்துப் பார்த்தல் வேண்டும்.

2018ஆம் ஆண்டிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளிலும் தம் நிதியைக் கொண்டு பணியாற்றலாம் என்றாயிற்று. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன் நுவரெலியா மாவட்டத்திலே ஐந்தாயிருந்த பிரதேச சபைகள் ஒன்பதாக்கப்பட்டன. அம்பகமுவையும் நுவரெலியாவும் மும்மூன்றாகப் பிரிந்தன. வலப்பனை பிரியாமல் நின்றது. சட்டம் திருந்திய நாளிலே எவரும் வெடி கொளுத்தவில்லை. பத்திரிகைகளில் அது பெரிய செய்தியாக வந்ததாகவும் எமக்கு நினைவில்லை. பின்னர், மேலே கூறிய அப்பாதையின் ஒரு பகுதிக்குக் கொங்கிறீற்று இடப்பட்டது. அளவிலே சிறிய பகுதிதான். எனினும் எம் வாழ்நாளிலே யாம் கண்ட அரசியல் மாற்றங்களுள், கால்களால் மிதித்து உணரத்தக்க மாற்றம் அதுவே.

இன்னும் முடியாதவை பல. காம்பராக்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் சில இடங்களில் எழுந்துள்ளன. ஆயினும் லயங்களே இன்றும் எண்ணற்ற குடும்பங்களின் இருப்பிடம். வீட்டுக்குரிய உறுதிப்பத்திரம் கையில் இல்லாதவர் மிகப் பலர். மற்றொரு குறை வெளியாருக்குப் பெரிதாகத் தோன்றாது. லயத்தில் வாழ்பவர்க்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் சேரல் வேண்டும். எம் மாணவன் ஒருவனுக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்து எட்டு நாட்களின் பின் கிடைத்தது. சுவீடனிலிருந்து வரும் கடிதத்தின் பின்புறத்திலே நண்பரின் தெருப் பெயரும் வீட்டெண்ணும் தபாற் குறியெண்ணும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். அவர் அடைக்கலம் புகுந்த நாடு முதலில் அவர்க்குக் கொடுத்தவற்றுள் அவ்வீட்டெண்ணும் ஒன்று.

இவ்விரு பிரதேசங்களையும் ஒப்பிடுதல் பொருந்துமா என்று அன்பர் சிலர் வினவலாம். சுவீடன் செல்வம் மிக்க நாடு. எம் பிரதேசமோ வறியது. அவர்தம் சபைக்கு வரி தரும் வருமானமுண்டு. எம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியில் வரி எடுக்க ஒன்றுமில்லை. இவை உண்மையே. ஆயின் 1862ஆம் ஆண்டிலே சுவீடனும் வறிய நாடாகத்தான் இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலே பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். செல்வம் வந்தபின் அவர்கள் ஊர் அவையைத் திறக்கவில்லை. ஆலைத் தொழிலாளியும் அவையிற் புகுந்தான்; ஆலைக்காரரின் பள்ளி சபையின் பள்ளியாயிற்று; அதற்குப் பின்னரே அந்நாட்டுச் செல்வம் எல்லார்க்கும் பரவிற்று. ஆலை ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே வாழ்வோர் ஆலையின் ஆட்களல்லர், ஊரின் மக்கள். தோட்டங்களும் இருக்கட்டும், தேயிலையும் தழைக்கட்டும். அங்கே வாழ்வோர் தோட்டத்தின் ஆட்களாயிருப்பது மாறி, ராகலையின் மக்களாதல் வேண்டும். கீழேயுள்ள சிங்களக் கிராமத்தாருக்கும் இதனால் இழப்பொன்றுமில்லை. பாதை மேலே வரை செப்பனிடப்பட்டால் மழைநீர் ஒழுங்காக ஓடும். மேலே நீர் ஒழுங்காக ஓடினால் கீழே வயல் அரிபடாது. 2007ஆம் ஆண்டு தை மாதத்திலே வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் நேர்ந்த மண்சரிவுகள், மலைக்கு மேற்படி கீழ்ப்படி என்ற பேதமில்லை என்பதைக் காட்டின.

ஆகவே இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், எம்மோடு கற்ற பழைய மாணவர்க்கும் சில வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கின்றோம். நம் கல்லூரி சட்டத்தரணிகளையும், நில அளவையாளரையும், பொறியியலாளரையும், எழுதுவினைஞரையும் ஈன்றது. அவருள் விடுமுறைக்கு நுவரெலியாவின் குளிரை நாடி வருவோர் பலர். அவர் ஒரு நாளை ராகலைக்கு ஈதல் வேண்டும். லயங்களுக்கிடையே செல்லும் பாதைகளைக் கணக்கெடுத்து, வரைபடத்திற் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் பெயரும், ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணும் முன்மொழிந்து, பிரதேச சபையின் முன் வைப்பதற்கு அளவையாளர் இருவரும் மாணவர் இருபதின்மரும் போதும். பெருஞ்செலவில்லை. முகவரி வந்தால் கடிதம் வரும். கடிதம் வந்தால் தொழில் வரும்.

இரண்டாவது, மலையகத்திலிருந்து இன்று கல்லூரியிலே கற்கும் மாணவர்க்கு உரியது. பாராளுமன்றத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாம், நம் பிரதேச சபையின் வரவுசெலவைப் பற்றி ஒரு வரி அறியோம். விடுமுறையில் வீடு செல்லும்போது சபைக் கூட்டமொன்றுக்குச் சென்று அமைதியாக அமர்ந்து கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் உள்ளது. இவ்வாண்டு தோட்டக் குடியிருப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று எழுத்திலே கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், விடை கிடைக்கும்வரை கேளுங்கள். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நடந்து செல்லும் கால்கள் நம்முடையவையாதல் வேண்டும்.

அண்மையில் நண்பர்க்கு எழுதிய கடிதத்திலே, கொங்கிறீற்று இட்ட அப்பாதையைப் பற்றிக் குறிப்பிட்டோம். அவர் மறுமொழியாக, "மச்சான், பாதைக்குப் பெயர் வைத்தாச்சா?" என்று வினவினார். இன்னும் வைக்கவில்லை. பெயர் எதுவாயினும் ஆகுக. அதனை அங்கே வாழ்வோர் தாமே கூடித் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே எம் விருப்பம். கூடித் தெரிந்தெடுக்கும் அந்த நாளிலேதான் லயம் ஊராகும்.

சமத்துவத்தின் முதற்பாடத்தை எமக்கு வகுப்பறையிலும் விடுதியிலும் ஒருங்கே புகட்டிய நம் கல்லூரித் தாய் பல்லாண்டு வாழ்க. அவள் பிள்ளைகள் கடலோரத்திலும் மலைச்சாரலிலும் அந்நிய தேசத்திலும் தத்தம் ஊர் அவைகளிலே தலைநிமிர்ந்து அமர்க.

— ராகலைப் பழைய மாணவர் ஒருவர்